கனகாம்பரத்துக்கு இல்லாத மேல் உதடு

கனகாம்பரப் பூவுக்கு மேல் உதடு கிடையாது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எழுபது வயசு தாண்ட வேண்டியிருந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நம்பாதவர்கள் தோட்டத்துக்குப் போய் ஒரு பூவைப் பறித்துப் பார்த்துவிட்டு வரட்டும். நான் காத்திருக்கிறேன்.

காம்பு என்று நினைத்துக்கொண்டு நாரில் வைத்துக் கட்டுகிறோமே, அது காம்பே இல்லை. பூவின் குழாய். மெல்லிசாக, லேசாக வளைந்திருக்கும். குழாய் முடிகிற இடத்தில் பூ ஒரே பக்கமாக விரியும். ஐந்து மடல்கள். ஐந்தும் கீழ்ப்பக்கம்தான், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கையை விரித்துக் காட்டுகிற மாதிரி. மேல்பக்கம் வெறுமை. அங்கே இதழும் இல்லை, இருந்து உதிர்ந்த அடையாளமும் இல்லை. குழாயின் வாய் அந்தப் பக்கம் பிளந்திருக்கும், அவ்வளவுதான். மகரந்தத் தாள்கள் நான்கு, இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. அவை குழாய்க்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும், ஊசியால் கீறினால்தான் வெளியே தெரியும். வாசனை மருந்துக்குக்கூடக் கிடையாது. செடி இடுப்பு உயரம்கூட வளராது. கணுவுக்கு நான்கு இலை, ஓரமெல்லாம் நெளிநெளியாக, எண்ணெய் தடவினது போல் பளபளப்பாக. நம் ஊர்ச் செடி இது. யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. கப்பலில் வந்தது எங்கள் பாடப்புத்தகம்.

இவ்வளவையும் எனக்குக் காட்டிக்கொடுத்தது கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் குப்பத்தில் இருந்த ஒருத்தி, என் வயசுக்காரி, அவள்தான் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கோயில் பங்கு, ஒரே நாளில் பூசையில் முதல் அப்பமான புதுநன்மை வாங்கினவர்கள். அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்றாள். என் அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் வீட்டுக்கும் அவள் குடிசைக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்தான். ஆனால் அந்தத் தெருவை எங்கள் வீட்டில் யாரும் மறந்ததில்லை.

போரின் கடைசி வருஷம் அது. அடையாறு போகிற வழியில் ஒரு பழைய பங்களாவில் பெண்களுக்காக ஒரு சின்னக் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. இப்போது அது இல்லை, பெயரைத் தோண்டித் துருவ வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் அங்கே இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். என் கல்லூரிச் சம்பளத்தை என் அப்பா கட்டினார். அவளுக்குப் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த கடிதத்தின் பேரில் முழுச் சம்பளமும் தள்ளுபடி. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்தப் பாடத்திலும் தவறக் கூடாது, நடத்தையைப் பற்றி ஒரு சொல் வரக் கூடாது. வந்தால் தள்ளுபடி போய்விடும், தள்ளுபடி போனால் படிப்பே போய்விடும். அவள் டீச்சராகப் போகிறாள் என்று அவள் அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். குப்பத்தில் அதுவரை ஒரு பெண்கூட பத்தாவது தாண்டினதில்லை.

குடிசையை ஒட்டின மணலில் ஒரு வரிசை கனகாம்பரம் வைத்திருந்தாள். மீன் கழுவின தண்ணீர்தான் அதற்கு உரமும் நீரும். அது வருஷம் பூராவும் பூத்துத் தள்ளியது. தினமும் காலையில் ஒரு சின்னச் சரம் கட்டி எடுத்து வருவாள். கோயில் வாசலில் என்னை நிறுத்தி, பின்னலில் செருகிவிட்டுத்தான் நடையைக் கட்டுவாள். அடையாறு வரைக்கும் நடைதான். பேசிக்கொண்டே போனால் தூரம் தெரியாது.

ஒருநாள் காய்ந்துபோன கதிர் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். கனகாம்பரக் கதிர் நாலு பட்டையாக இருக்கும், பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஓரத்தில் பூனைமயிர் மாதிரி. பூவெல்லாம் போனபிறகு செதில்களுக்குள்ளே காய் முற்றும்.

“எச்சித் துப்பு,” என்றாள்.

“சீ, போடி.”

“துப்புடி, சொல்றேன்.”

துப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டப்பென்று ஒரு சத்தம், கன்னத்தில் சுருக்கென்று ஏதோ பட்டது. நான் கதிரைக் கீழே போட்டுவிட்டேன். அவள் நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாடி, பயந்துகினியா? தண்ணி பட்டா வெடிக்கும். மழ பேஞ்சா எங்க ஊட்டாண்ட பூரா பட்டாசுதான்.”

ஒரு காய்க்கு நாலு விதை. ஈரம் பட்டதும் காய் இரண்டாகப் பிளந்து விதையை எட்டின தூரத்துக்கு வீசிவிடும். மழை வந்தால்தான் முளைக்க முடியும் என்று செடிக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் இது இல்லை.

இப்போது எங்கள் பொட்டானி லெக்சரரைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கத்திலிருந்து ரிக்‌ஷாவில் வருவாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். நன்றாகப் படித்தவள், அந்தக் காலத்தில் ஒரு பெண் அவ்வளவு படித்ததே பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை. வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு பேச மாட்டாள். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப்பார்க்கும். கொண்டையில் தினமும் கனகாம்பரம். ஒருநாள் தவறினதில்லை. கணவர் ராணுவத்தில் டாக்டர், பர்மா பக்கம் போயிருந்தார். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் பாடம் நடத்துவது புத்தகத்தை வைத்துத்தான். கனகாம்பரம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்துக்குப் புத்தகத்தில் ஆடாதோடையைத்தான் படம் போட்டுக் காட்டியிருந்தது. ஆடாதோடைப் பூவுக்கு இரண்டு உதடு உண்டு. மேலே இரண்டு மடல் சேர்ந்து ஒரு உதடு, கீழே மூன்று மடல் சேர்ந்து ஒரு உதடு. அது ஆடாதோடையின் சங்கதி, அதில் தப்பே இல்லை. பங்களா வேலியில் நிஜ ஆடாதோடை நிறைய இருந்ததாம். குண்டு விழும் என்று பயந்து பதுங்குகுழி வெட்டினபோது வேரோடு தோண்டி எறிந்துவிட்டார்கள். ஆக நாங்கள் படித்ததெல்லாம் படத்தைப் பார்த்து. மேலே இரண்டு, கீழே மூன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

பிப்ரவரியில் செலக்‌ஷன் டெஸ்ட் வந்தது. அதில் தேறினால்தான் யுனிவர்சிட்டிப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவார்கள். பிராக்டிகலுக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு பூ வேண்டும், ஆடாதோடை கிடைக்கவில்லை. லெக்சரர் முதல் நாள் சாயங்காலம் என் சிநேகிதியைக் கூப்பிட்டு, “உங்க வீட்டிலே கனகாம்பரம் இருக்குன்னு சொன்னியே, நாளைக்கு ஒரு நாற்பது பூ கொண்டு வா,” என்றாள். இவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. விடியற்காலையிலேயே எழுந்து, ஒவ்வொரு பூவாகக் கதிரிலிருந்து உருவி, ஈரத் துணியில் சுற்றி, ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

செடியை மொட்டை அடித்துவிட்டதால் அன்றைக்கு எனக்குச் சரம் இல்லை. என் அம்மா தெருமுனைப் பூக்காரியிடம் வாங்கி வைத்துவிட்டிருந்தாள். கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் இவள் என் பின்னலைத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடி, கடப் பூவா? நெருக்கமாவே கட்டல பாரு,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

லேபில் என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அவளுடையது. ஆளுக்கொரு பூ, ஒரு ஊசி, ஒரு லென்ஸ். பார்த்ததை வரை, பாகங்களைக் குறி, எந்தக் குடும்பம் என்று எழுது. இவ்வளவுதான் கேள்வி. பார்த்ததை வரை என்றுதான் போர்டில் எழுதியிருந்தது, அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தேன். பார்த்ததை வரைந்தேன். ஐந்து மடலும் கீழே, மேலே வெறுமை. பென்சிலில் அழகாகவே வந்திருந்தது. பிறகு குடும்பத்தின் பெயரை எழுதப் போனபோதுதான் புத்தகத்துப் படம் ஞாபகம் வந்தது. மேலே இரண்டு, கீழே மூன்று. புத்தகம் சொல்கிறது, லெக்சரர் சொல்கிறாள், வருஷம் பூராவும் நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஐந்தையும் கீழே வரைந்தால் மார்க்குப் போய்விடும் என்று தோன்றியது. ரப்பரை எடுத்தேன். போர்க்காலத்துக் காகிதம், பழுப்பாக, தொட்டால் பஞ்சு பஞ்சாக வரும். ஓரத்து மடல்கள் இரண்டை மெதுவாக அழித்தேன். மேலே இரண்டு மடல் வரைந்தேன். நிழல்கூடத் தீட்டினேன். இல்லாத உதட்டுக்கு நிழல் தீட்டின கை இது.

அவள் எட்டிப் பார்த்தாள். “இன்னாடி பண்றே?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். நான் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த அறையில் சுமார் இருபது பெண்கள். பாதிப் பேர் தலையில் கனகாம்பரம். பிறந்து பேச்சு வந்த நாள் முதலாக இந்தப் பூவைத் தொடுத்து, சூடி, வாடினபிறகு உருவிப் போட்டவர்கள். அத்தனை பேரும் அதற்கு மேல் உதடு வரைந்தோம். ஒருத்தி மட்டும் வரையவில்லை.

லெக்சரர் ஒவ்வொரு மேஜையாக வந்தாள். என் நோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவள் மேஜைக்குப் போனாள்.

“மேல் உதடு எங்கே?”

“இல்லை, மேடம்.”

“இல்லைன்னா? எங்கே போச்சு?”

“இந்தப் பூவுக்கு அது கிடையாது, மேடம்.”

லெக்சரர் ஊசியால் பூவைப் புரட்டினாள். பின்பக்கத்துப் பிளவைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், கண் அங்கேதான் இருந்தது. “பறிக்கறச்சே கிழிச்சிருக்கே. மீன் ஆயற கையாலே பூவைப் பிடுங்கினா இப்படித்தான் ஆகும்,” என்றாள்.

அறையில் ரெண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. கல்லூரியில் ரொம்பப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாள், குப்பத்துப் பேச்சு வராமல் வார்த்தையை நிறுத்தி எடுப்பாள். அன்றைக்கு அது கைவிட்டுப்போனது.

“வேற ஒண்ணு எடுத்துப் பாருங்க மேடம். தட்டுல நெறைய கீது.”

லெக்சரர் எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாவற்றிலும் அதே பிளவு. “எல்லாத்தையும் நீதானே பறிச்சே. எல்லாத்தையும் ஒரே மாதிரி கிழிச்சுண்டு வந்திருக்கே. கிழிச்சதும் இல்லாம, பூவே அப்படித்தான்னு எங்கிட்டயே சாதிக்கறியா?”

நாற்பது பூவும் ஒரே இடத்தில், ஒரே நீளத்துக்கு, தையற்காரன் வெட்டின மாதிரி கிழிந்திருக்கிறதாம். படித்தவள் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றோம். எனக்கு இப்போது எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ உங்க தலையில கீற பூவை எடுத்துப் பாருங்க. அது நான் பறிச்சது இல்ல,” என்றாள்.

சுமங்கலியிடம் தலையிலிருந்து பூவை எடு என்று சொல்வது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதுவும் கடிதம் வராத கணவனை நினைத்து ஒவ்வொரு தபால் வேளையும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம். என் சிநேகிதி அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. தான் கை வைக்காத ஒரு பூ வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. எதிரே தெரிந்தது அந்தக் கொண்டை.

லெக்சரரின் கை தானாகக் கொண்டைக்குப் போய்ப் பூவை மூடிக்கொண்டது. “யாரைப் பார்த்து என்ன சொல்றே? என்ன தெரிஞ்சுண்டு சொல்றே?” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டினது. அந்த அழுகை நிஜம். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழுகையோடு மேல் உதட்டுக் கேள்வி அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் பூவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பேச்செல்லாம் திமிரைப் பற்றி.

பத்து நிமிஷத்தில் பிரின்சிபால் அறையில் நின்றோம். என்னையும் கூப்பிட்டார்கள், பக்கத்து மேஜைக்காரி என்பதால். பிரின்சிபால் வயசான அம்மாள், கெட்டவள் இல்லை. மேஜைமேல் எங்கள் இரண்டு பேர் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தது. என் படம்தான் அழகாக இருந்தது.

“அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன் மேடம்,” என்றாள் அவள். “தெரியாம வந்துடுச்சு. கால்ல வுழச் சொன்னாலும் வுழறேன். ஆனா பூவ நான் கிழிக்கல.”

“இன்னும் அதையே சொல்றாளே,” என்றாள் லெக்சரர்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லம்மா. உன் பூவுக்கு மேல் உதடு இருந்ததா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வரைந்திருக்கிறேன், மேடம்,” என்றேன். இருந்தது என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் என் மார்க்குப் போகும், லெக்சரர் முகத்தில் எப்படி விழிப்பது, வாத்தியார் பெண் குப்பத்துப் பெண்ணோடு சேர்ந்து எதிர்த்துப் பேசினாள் என்று அப்பா காதுக்குப் போகும். ஆக வரைந்திருக்கிறேன் என்றேன். என்ன சாமர்த்தியம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் அப்போது ஒருதடவை என்னைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால், தோள் பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிராக்டிகலில் பூஜ்யம். நடத்தை சரியில்லை என்று ஒரு வரி. தள்ளுபடி நின்றது. பரீட்சைக்கு அவள் பெயர் போகவில்லை. பங்குச் சாமியார் இரண்டு தடவை நடந்தார், மூன்றாவது தடவை போகவில்லை. அவள் அம்மா மட்டும் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கூடையை இடுப்பில் வைத்தபடியே என்னிடம் கேட்டாள். “பாப்பா, நீ கூடத்தான இருந்தே. அது இன்னா தப்பு பண்ணிச்சு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு.” நான் ஏதோ முணுமுணுத்தேன். என் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள், போய்விட்டேன்.

என் படம் லெக்சரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டு, போருக்கு முன்னால் வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருந்த நல்ல டிராயிங் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதையே பெரிசாக வரைந்து தரச் சொன்னாள். வரைந்து கொடுத்தேன். வர்ணம் தீட்டிக் கொடுத்தேன். மேல் உதட்டுக்கும் சேர்த்துத்தான். சட்டம் போட்டு லேப் சுவரில் மாட்டினார்கள்.

போர் முடிந்தது. லெக்சரரின் கணவர் ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தாலும் உயிரோடு வந்து சேர்ந்தார், அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவரோடு அவள் டில்லிக்குப் போய்விட்டாள். நான் வேறு கல்லூரியில் பொட்டானியில் டிகிரி முடித்தேன். நாற்பத்தொன்பதில் அதே பங்களாவுக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தேன். முதல் நாள் லேப் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் என் கனகாம்பரம். நாலு வருஷமாக அங்கேயே தொங்கியிருக்கிறது. பழைய நோட்டுகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. புரட்டிப் பார்த்தேன். வருஷா வருஷம், நோட்டுக்கு நோட்டு, மேலே இரண்டு, கீழே மூன்று. என் படத்தைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். ஒருத்தி என் நிழலைக்கூட அப்படியே தீட்டியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. லெக்சரரைத் திட்டினேன், புத்தகம் எழுதினவனைத் திட்டினேன், பதுங்குகுழி வெட்டினவனைக்கூட விடவில்லை. படத்தைக் கழற்றி மேஜைமேல் போட்டு, பிளேடால் அந்த மேல் உதட்டைச் சுரண்டினேன். வர்ணம் நன்றாக ஊறியிருந்தது, லேசில் போகவில்லை. அழுத்திச் சுரண்டினதில் தாள் ஓட்டையாகிவிட்டது. கீழ் மடல் மூன்றை ஐந்தாக்கி, ஓட்டையோடு திரும்ப மாட்டினேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி அன்றைக்கு நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனேன். நாலு வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் லஸ் கடைத்தெருவுக்குச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவள் நான். அவள் அம்மா உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டதாம். அவள் கொஞ்சம் பெருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

“வாம்மா. டீச்சராயிட்டேன்னு கேள்விப்பட்டேன்,” என்றாள்.

அந்த ‘வாம்மா’ என்னைக் குத்தியது. வாடி என்று சொல்லியிருக்கலாம். நான் மளமளவென்று கொட்டினேன். படம் சுவரில் இருந்தது, பிளேடால் சுரண்டினது, ஓட்டை விழுந்தது, ஐந்து மடலாக்கினது, நீ சொன்னதுதான் சரி என்று இனிமேல் எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்வார்கள் என்று. அவள் கேட்டுக்கொண்டே ஒரு சங்கரா மீனைச் செதில் தேய்த்தாள். செதில் தெறித்துக்கொண்டிருந்தது.

“நான் சொன்னதுதான் சரின்னு எனக்குத் தெரியுமே,” என்றாள்.

அந்த நிதானம் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதிருந்தால், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய இடமா அது, ஆனாலும் வந்தது.

“எல்லாம் அந்த ஒரு வார்த்தையாலே வந்தது,” என்றேன். “அந்தம்மா தலைப் பூவை ஏன் கேட்டே? அவங்க எப்படி எடுப்பாங்க? வேற எதைச் சொல்லியிருந்தாலும் சமாளிச்சிருக்கலாம். அந்த நேரத்திலே நான் மட்டும் என்ன செய்ய முடியும்?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அந்தம்மா எடுக்காது. நான் கேட்டது தப்புதான், அன்னிக்கே ஒத்துக்கினேன்,” என்றாள். “உன் தலையிலயும் பூ இருந்துச்சே. கடப் பூ. அது நான் பறிச்சது இல்ல. பிரின்சிபாலு ரூம்புல எவ்ளோ நேரம் அதையே பாத்துகினு நின்னேன். இப்போ எடுத்துக் குடுப்பா, இப்போ எடுத்துக் குடுப்பான்னு.”

பின்னால் ஒரு அம்மாள் பையை நீட்டி, வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டாள்.

“இருக்குது, இரு,” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு இன்னா மீனு வேணும், சொல்லு. வெயிலு ஏறுது,” என்றாள்.

என் கை பின்னலுக்குப் போனது. அன்றைக்கும் அங்கே கனகாம்பரம்தான் இருந்தது.